எழுந்து வந்துவிடுவார்

"என்ன லோசா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு? அழுதியா?"

"வெங்காயம் நறுக்கினேன்."

"ஆஸ்பத்திரி வராந்தாவிலயா?"

"ஆமா. இங்க அதுக்குன்னே தனி இடம் வச்சிருக்காங்க."

"சரி, இங்க பாரு. நானே நிக்கறேன். யாரும் புடிக்கல. போய் எல்லாருக்கும் சொல்லு, லோபெட்டி எழுந்துட்டான்னு."

"சொல்றேன். முதல்ல உட்காருங்க. அந்த கவுன் பின்னால திறந்து கெடக்கு. ஊரே பாக்குது."

நான்கு வருடத்துக்கு முந்தைய பேச்சு அது. மாரடைப்பு வந்து படுத்திருந்த லோபெட்டி, டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே கட்டிலைவிட்டு இறங்கி நின்றார். வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே மாங்கெரேயில், புலம்பெயர்ந்த டோங்காக்காரர்களின் சபையில் சாட்சி சொன்னார். "இந்த இதயம் நம்ம பழைய டிரக் மாதிரி. நின்னுபோச்சு. ஆண்டவர் வந்து ஒரு தட்டு தட்டினார், கிளம்பிடுச்சு!" சபை சிரித்தது, அழுதது, பாடியது. அன்றிலிருந்து சபையில் அவருக்கு அதுதான் பெயர். எழுந்தவர்.

இப்போது அதே ஆஸ்பத்திரி, வேறு மாடி. இந்தத் தடவை மூளை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாக்கு தடித்துவிட்டது. மூக்கு வழியாகக் குழாயில் சாப்பாடு போகிறது.

பார்க்க வந்த அத்தனை பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "மாரடைப்பையே பார்த்தவர். இது என்ன பெரிசு? எழுந்து வந்துடுவார் பாரு."

"ஆமா," என்பாள் மனைவி லோசலின். ஆமா சொல்லிச் சொல்லியே அவளுக்கு வாய் வலித்தது.

இன்று காலையும் அவள் விமான நிலையச் சமையல்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். யார் யாரோ வானத்தில் சாப்பிடப்போகும் சாப்பாட்டைத் தட்டுத் தட்டாக அடுக்கிவிட்டு வந்த கை இன்னும் சில்லென்று இருந்தது. தலைவலையைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டாள். லிஃப்ட் கதவு திறந்ததும் கால்கள் தாமாகவே அந்த நாற்காலியை நோக்கித்தான் போயின.

வார்டு வராந்தாவில், லோபெட்டியின் அறை வாசலுக்கு அருகே, அறைக்கு முதுகு காட்டிப் போடப்பட்ட ஒற்றை நாற்காலி. அதில் ஹெபிசிபா.

லோபெட்டியின் அக்கா. சேதி கேட்டதும் டோங்காத் தீவிலிருந்து பறந்து வந்தவள். கறுப்பு உடை, ஊர் மரியாதைப்படி உடைக்கு மேல் இடுப்பைச் சுற்றி நேர்த்தியாகக் கட்டிய பாய், கையில் ஓலை விசிறி. வந்த நாளிலிருந்து அறைக்குள் ஓர் எட்டுகூட வைக்கவில்லை. வைக்கவும் மாட்டாள். டோங்கா வழக்கப்படி, தம்பிக்கு மீசை அரும்பும் முன்பே அக்காவும் தம்பியும் ஒரே கூரையின்கீழ் தூங்குவதை நிறுத்தியாகிவிட்டது. ஒருவர் டி.வி. பார்த்தால் மற்றவர் எழுந்து போய்விடுவார். அப்படி இருக்க, தம்பி படுத்துக் கிடப்பதை அக்கா பார்ப்பதா? அவன் உடம்பைப் பற்றி அவள் காதுபடப் பேசுவதா?

"வந்தியா லோசா? மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? ஏதாவது சாப்பிட்டியா?"

"ஆச்சு அண்ணி."

"பொய் சொல்லாதே. டப்பாவுல லூ இருக்கு, இலையில சுத்தி வேகவச்சது, எடுத்துக்க. அந்த நர்ஸ் பொண்ணுக்கும் ஒண்ணு கொடுத்தேன். தேங்காய்ப்பாலை நக்கி நக்கிச் சாப்பிட்டா. பாவம், இந்த வெள்ளைக்காரப் பாலாங்கிப் பிள்ளைங்களுக்கு வீட்டுல யாரு சமைச்சுப் போடறாங்க?"

லோசலினுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணியை வெறுக்க முடிந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"டிக்கெட் உறுதியாயிடுச்சு," என்றாள் ஹெபிசிபா விசிறிக்கொண்டே. "சனிக்கிழமை. அவனுக்கு ஜன்னலோர சீட். நம்ம ஊர் சபை மண்டபம் திறப்பு விழா இல்ல? கூரை போட்டவன் வராம திறக்க முடியுமா? அவன்தான் முதல்ல பேசணும். கடல் காத்து பட்டா எழுந்துடுவான்."

"டாக்டர் இன்னிக்கு எல்லாரையும் கூப்பிட்டிருக்காங்க அண்ணி. பேசணுமாம்."

"பேசட்டும், பேசட்டும். அவங்க வேலை அது. முடிஞ்சதும் தலிதா வந்து எனக்குச் சொல்லட்டும்."

அதுதான் இத்தனை நாளும் நடந்துகொண்டிருந்தது. மகள் தலிதா உள்ளே போவாள், அப்பாவைப் பார்ப்பாள், வெளியே வருவாள். 'எப்படி இருக்கான்?' என்று அத்தை கேட்பாள். மூக்குக் குழாயைப் பற்றி, இடுப்புத்துணி மாற்றுவதைப் பற்றி, எச்சில் வழிவதைப் பற்றி எந்த மகள் தன் அத்தையிடம் சொல்வாள்? 'நல்லா இருக்கார் அத்தை' என்பாள். அடுத்த நாள், 'நேத்தைக்குப் பரவாயில்ல அத்தை.' நல்லாவும் பரவாயில்லையும் சேர்ந்து சேர்ந்து ஒரு விமான டிக்கெட்டாகிவிட்டது.

டோங்கா வீட்டில் அப்பாவின் அக்கா முடிவு செய்துவிட்டால் அது முடிவு. லோசலினின் கல்யாணத்தில் அவளுடைய அம்மா பின்னிய மிக மெல்லிய, விலைமதிப்பான பாய் முதலில் போனது ஹெபிசிபாவின் மடிக்கு. முதல் பிள்ளைக்குப் பெயர் வைத்ததும் ஹெபிசிபாதான். "எனக்கு என்ன பேருன்னு அம்மாவுக்கே நான் பொறந்து ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும்," என்று தலிதா ஆபீஸில் சொல்லிச் சிரிப்பாள்.

லோசலின் திரைச்சீலையை விலக்கி உள்ளே போனாள்.

லோபெட்டி கண்மூடிக் கிடந்தார். அந்தப் பெரிய உடம்பு கட்டிலை முழுக்க அடைத்திருந்தது. மார்பில் ஒட்டிய கம்பிகள் தலைமாட்டுத் திரையில் பச்சைக் கோடாக ஓடின. தலிதா ஈரத்துணியால் அப்பாவின் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கினாரா?"

"கொஞ்சம். நீ தூங்கினியாம்மா?"

"தட்டு அடுக்கிக்கிட்டே தூங்கறதுக்கு நான் பழகிட்டேன்."

அப்போது வெளியே ஹெபிசிபா காலைத் துதியைத் தொடங்கினாள். கனத்த குரல், கொஞ்சமும் நடுங்காத குரல். வார்டில் அடுத்தடுத்த அறைகளில் பேச்சு நின்றது.

லோபெட்டியின் கண் திறந்தது. இடது கை கட்டில் கம்பியைப் பற்றியது. கழுத்து நரம்பு புடைக்க, தலையைத் தலையணையிலிருந்து தூக்கினார். தோள் எழும்பியது.

"அம்மா! அப்பா எழுந்திருக்கப் பாக்கறார்!" தலிதாவின் முகம் மலர்ந்தது.

லோசலினுக்கும் ஒரு கணம் நெஞ்சு துள்ளியது. 'எழுந்தவர்.' அதற்குள் பச்சைக் கோடு தாறுமாறாகக் குதித்தது, தலைமாட்டு இயந்திரம் அலறியது. நர்ஸ் ஓடி வந்து அவரைப் படுக்கவைத்தாள். முகம் சாம்பலாக வெளிறி, நெற்றியெல்லாம் வியர்வை.

வராந்தாவில் பாட்டு முடிந்தது. "என்ன சத்தம்?" என்று குரல் கேட்டது.

தலிதா வாசலுக்குப் போனாள். "ஒண்ணுமில்ல அத்தை. அப்பா... எழுந்திருக்கப் பார்த்தார்."

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! நான் சொல்லல?"

டாக்டர் பிரிட்ஜெட்டின் அறை சின்னது. மேஜையில் ஒரு பாதி ஆப்பிள் கறுத்துக் கிடந்தது. அவளும் இரண்டு நாளாகத் தூங்காதவள்போலத்தான் இருந்தாள். அதனாலேயே லோசலினுக்கு அவளைப் பிடித்திருந்தது.

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது.

"இது லோபெட்டியோட இதயம். இந்தப் பக்கம் பாருங்க, சுவர் சுருங்கி விரியுது. இப்ப இந்தப் பக்கம் பாருங்க."

"அசையவே இல்லையே," என்றாள் தலிதா.

"அசையாது. நாலு வருஷம் முன்னாடி வந்த மாரடைப்புல அந்தச் சதை செத்துப்போச்சு. ரத்தம் அங்க தேங்கும். தேங்கினா உறையும். அப்படி உறைஞ்ச ஒரு துண்டுதான் மூளைக்குப் போயிருக்கு."

லோசலின் அந்த அசையாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மேல் தலை வைத்துத்தான் அவள் இத்தனை வருடம் தூங்கியிருக்கிறாள்.

"ஆனா போன தடவை சீக்கிரமே எழுந்துட்டாரே டாக்டர்," என்றாள் தலிதா. "சபையில எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அதையே தாண்டினவருக்கு இது..."

"அதைத்தான் நான் உங்ககிட்ட பேசணும்." டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "நிறைய குடும்பங்கள் அப்படித்தான் நினைக்கிறாங்க. ஒண்ணைத் தாண்டினவர் இன்னொண்ணையும் தாண்டுவார்னு. உடம்பு அப்படிக் கணக்குப் போடறதில்ல. அன்னிக்கு மாரடைப்பு வந்தப்ப அவருக்கு முழு இதயம் இருந்தது. இன்னிக்கு இருக்கறது அதுல மிச்சம். மாரடைப்பே வராத ஒருத்தருக்கு இதே அளவு பக்கவாதம் வந்திருந்தா, உங்ககிட்ட நான் வேற மாதிரி பேசியிருப்பேன்."

"எங்ககிட்ட எப்படிப் பேசப்போறீங்க?" என்றாள் லோசலின்.

"மெதுவாத்தான் தேறுவார். முழுசாத் தேறுவார்னு சொல்ல முடியாது. மறுபடி அடைப்பு வரலாம், இதயத்துலயோ மூளையிலயோ. அடுத்த சில மாசம்தான் ரொம்ப மோசமான காலம். இவர் மாதிரி இருக்கறவங்க நிறைய பேர் அந்தக் காலத்தைத் தாண்டறதில்ல. தாண்டறவங்களும் இருக்காங்க. இவர் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி நடிக்கவும் மாட்டேன்."

"சனிக்கிழமை டோங்காவுக்கு விமானம்," என்றாள் தலிதா மெல்ல.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாருக்கு?"

"அப்பாவுக்கு. அத்தை ஏற்பாடு பண்ணிட்டாங்க."

"இறங்கும்போது அவர் உயிரோட இருப்பார்னு என்னால சொல்ல முடியாது. அத்தைகிட்ட யாராவது இதைச் சொன்னீங்களா?"

தலிதா இல்லையென்று தலையசைத்தாள். எப்படிச் சொல்வது, ஏன் சொல்ல முடியாது என்பதை அந்தப் பாலாங்கி டாக்டருக்கு விளக்கவும் அவளிடம் தெம்பு இல்லை.

"இன்னொண்ணு," என்றாள் டாக்டர். "தினம் காலையிலும் மத்தியானமும் அவருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாப் போகுது. அந்த ரெண்டு நேரத்துல அறையில என்ன நடக்குது?"

காலைத் துதி, மத்தியானத் துதி. லோசலின் நிமிர்ந்தாள்.

அறைக்குத் திரும்பியதும் அவள் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலிதாவைக் காப்பி வாங்க அனுப்பினாள். அவருடைய இடது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"லோபெட்டி, என்னைப் பாருங்க. காலையில எதுக்கு எழுந்திருக்கப் பார்த்தீங்க?"

அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. வார்த்தை ஒவ்வொன்றாக, கல் சுமப்பவர்போல இறக்கிவைத்தார்.

"அக்கா... அங்க... உட்கார்ந்திருக்கா."

"ஆமா."

"நான்... எப்படி... படுத்துக்கிட்டு?"

லோசலினுக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்திருக்கவில்லை இந்த மனிதர். மரியாதை செய்யப் பார்க்கிறார். அக்காவின் குரல் காதில் விழும்போதெல்லாம், பாதி செத்த இதயத்தை வைத்துக்கொண்டு.

"அக்கா பாக்கலீங்க. அவங்க முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருக்காங்க."

"தெரியும்," என்றார். "இருந்தாலும்."

அவளுக்குப் பழசெல்லாம் வந்து நின்றது. மாரடைப்பு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, டோங்காவிலிருந்து போன். மண்டபத்துக்குக் கூரை போட வேண்டும், தம்பி வரட்டும். கனமானது எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். லோபெட்டி பெட்டியைக் கட்டினார். அவள்தான் மாத்திரைகளைப் பொட்டலம் பொட்டலமாக வைத்துக் கொடுத்தாள். உத்திரம் தூக்கி, கூரை போட்டு, கறுத்துப்போய்த் திரும்பி வந்தார். பெட்டியில் மாத்திரை அத்தனையும் பிரிக்காமல் இருந்தது.

"ஏன் போடல?" என்று கத்தினாள்.

"அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து மாத்திரை முழுங்கவா? அவ பார்த்தா?" என்றார், அதைவிடத் தெளிவான விஷயம் உலகத்தில் இல்லாததுபோல.

அன்றைக்கு லோசலின் போனைக் கையில் எடுத்தாள். டோங்காவின் எண்ணை அழுத்தினாள். அண்ணியின் குரல் கேட்டதும், "எல்லாரும் சௌக்கியமா அண்ணி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு சித்தப்பா சாவு, ஒரு கல்யாணம், போதகர் வீட்டுக்குக் கிணறு. ஒவ்வொரு தடவையும் போன் வரும், லோபெட்டி கிளம்புவார், லோசலின் வாயைத் திறப்பாள், மூடிக்கொள்வாள்.

"நீங்க போகணும்னு ஆசைப்படறீங்களா?" என்று இப்போது கேட்டாள். "சனிக்கிழமை? உண்மையைச் சொல்லுங்க. என்கிட்ட."

"களைப்பா இருக்கு லோசா," என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. குளிர்கிடங்கு வேலையில் அவர் இரட்டை ஷிப்ட் முடித்து வந்த நாளில்கூட.

அவள் அவர் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு எழுந்தாள்.

வராந்தாவில் ஹெபிசிபா மடியில் ஒரு புது வெள்ளைச் சட்டையை விரித்துவைத்துப் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானத் துதிக்கு நேரமாகிவிட்டது. பக்கத்தில் வேதப்புத்தகம் தயாராக இருந்தது.

"வா வா. இந்தச் சட்டை அவனுக்குச் சேருமா? கொஞ்சம் இளைச்சிருப்பான்ல? டாக்டரம்மா என்ன சொன்னா?"

லோசலின் நாற்காலி தேடவில்லை. தரையில், அண்ணியின் முழங்காலுக்கு அருகே உட்கார்ந்தாள். அது அவளுடைய இடம்தான். அதில் அவளுக்கு ஒருபோதும் வருத்தம் இருந்ததில்லை.

"அவருக்கு இதயத்துல ஒரு பக்கம் செத்துப்போச்சு அண்ணி."

விசிறி உயர்ந்தது, தடுப்பதுபோல. "லோசா! என்கிட்டயா? அவன் என் தம்பி. அவன் உடம்பைப் பத்தி என்கிட்ட..."

"மூக்குல குழாய் வச்சிருக்காங்க. தண்ணிகூட அவரால முழுங்க முடியாது."

"போதும்."

"வலது கையைத் தூக்க நாங்க ரெண்டு பேர் வேணும். யாரும் உங்ககிட்ட சொல்லல. தலிதா சொல்ல மாட்டா, நல்லா வளர்ந்த பொண்ணு. நான் சொல்றேன். என்னை என்ன வேணா நினைச்சுக்குங்க."

ஹெபிசிபா சட்டையின் காலரைப் பிடித்துக்கொண்டாள். "போன தடவை எழுந்தானே? ஊரெல்லாம் சொல்லுதே?"

"போன தடவை எதுல இருந்து எழுந்தாரோ, அதாலதான் இந்தத் தடவை விழுந்தார். அந்த மாரடைப்பு இதயத்துல பாதியைத் தின்னுடுச்சு. மிச்சத்தை வச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாளும் கூரை போட்டார், கிணறு வெட்டினார். விமானத்துல ஏத்தினா, இறங்கறப்ப இருப்பாரான்னு டாக்டருக்கே தெரியல."

வராந்தாவில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"ஒரு தடவைகூட முடியாதுன்னு அவன் சொன்னதில்ல லோசா." ஹெபிசிபாவின் குரல் முதல்முறையாக நடுங்கியது. "சின்ன வயசிலிருந்தே. நான் வாயைத் திறந்தா போதும், ஓடிடுவான். சந்தோஷமாத்தான் செய்யறான்னு நினைச்சேன்."

"சந்தோஷமாத்தான் செஞ்சார் அண்ணி. அதுதான் கஷ்டம்."

ஹெபிசிபா திரும்பவில்லை. அறை வாசல் அவளுடைய முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாதவர்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். வேதப்புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தாள்.

"நான் ஜெபம் பண்றேன். அவனை எழுப்பித் தரணும்னு கேக்கறேன். இந்த வாசல்லயே கேக்கறேன். என் குரல் கேட்டா அவன்..."

அவள் மூச்சை இழுத்துப் பாட்டுக்கு வாய் திறந்தாள். உள்ளே கட்டில் கம்பி கிறீச்சிட்டது.

லோசலின் கை நீட்டி அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். தம்பி மனைவி ஒருத்தி அப்படிப் பிடித்து அந்தக் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. காப்பிக் கோப்பைகளோடு வந்த தலிதா பாதி வராந்தாவிலேயே நின்றுவிட்டாள்.

ஹெபிசிபா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு லோசலினைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷத்துல உங்ககிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல அண்ணி," என்றாள் லோசலின். குரலில் கோபம் இல்லை, அழுகைகூட இல்லை. நாள் முழுக்க நின்ற கால் உட்கார இடம் தேடும்போது வரும் குரல் அது. "இப்ப கேக்கறேன். அவர் உங்க தம்பிதான். என்னிக்கும் உங்க தம்பிதான். ஆனா உங்க குரல் கேட்டாலே, படுத்திருக்கக் கூடாதுன்னு எழுந்திருக்கப் பாக்கறார். இனிமே அவர்கிட்ட எதுவும் கேக்காதீங்க."